இருவரும் வந்துள்ளீர்கள்

இடது கை கடுத்தது. அம்மை குத்திய தழும்புக்குக் கீழே தொடங்கி முழங்கை வரைக்கும், உள்ளே யாரோ கம்பியை விட்டு முறுக்குகிற மாதிரி ஒரு கடுப்பு. பூவாத்தாள் கத்தியைக் கீழே போடவில்லை. வெயிலில் காய்ந்த தேங்காய் மூடியை மடியில் வைத்து, கொட்டாங்குச்சித் தொட்டிக்கும் பருப்புக்கும் நடுவில் கத்தி முனையைக் கொடுத்து ஒரு நெம்பு. பருப்பு ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம். அடுத்த மூடி. காங்கயத்துக்குத் தெற்கே அந்தத் தேங்காய்க் களத்தில் தேங்காய் உடைக்க மெஷின் வந்துவிட்டது. காக்கை விரட்ட டிரோன் பறந்தது. பருப்பை நெம்பி எடுக்க மட்டும் இன்னும் பொம்பளைகள்தான். மெஷினைவிட அவர்கள் மலிவு.

கடுப்பு வந்துவிட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கைக்குள் இருக்கும் விதை மூடிக்கொள்ளப் போகிறது.

"மேஸ்திரிங், வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணுமுங்க" என்றாள்.

ஆறுக்குட்டி மேஸ்திரி எடைத் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போன தடவை பெரியம்மா எழவுன்னு போனே. அதுக்கு முன்னால சித்தப்பா. உம்பட ஒறம்பரை பூராவும் ரெண்டு அமாவாசைக்கு ஒருக்கா முறை வெச்சுச் சாகறாங்களா?"

களத்தில் சிரிப்பு கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரஸ், "சாகறதுக்கு ஆள் தீந்துபோச்சுன்னா காதுகுத்துக்குப் போகட்டும் உடுங் மேஸ்திரி" என்றாள்.

"இந்தத் தடவை யாரு?"

"மாமனுங்க. வெள்ளகோயில்ல."

"நல்லாப் போயி அழுதுட்டு வா. கூலி இல்லை, பாத்துக்க."

பூவாத்தாளும் சேர்ந்து சிரித்தாள். சாவைச் சொல்லி லீவு கேட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை என்பது அவள் கண்டுபிடித்தது. இல்லாத சொந்தங்களை ஒவ்வொன்றாகக் கொன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள்.

அவளுக்கு வலது கண் கிடையாது. கண் இருக்கிறது, பார்வை இல்லை. களத்தில் எல்லோரும் தொட்டி தெறித்துப் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கண் போனது சீக்கினால். லாரி ஓட்டிய புருசன் கொடுத்துவிட்டுப் போன சீக்கு. அவனும் போய்ச் சேர்ந்தான். மாத்திரைக் காலத்தில் அவளும் தினமும் மாத்திரை தின்றவள்தான். வேலை கிடைத்த நாளில் மறந்தாள். வேலை இல்லாத நாளில் வெறும் வயிற்றில் விழுங்கப் பயந்தாள். பஸ்ஸுக்குக் காசில்லாமல், மாத்திரை கொடுக்கும் அரசு மையத்துக்குப் போகாமல் விட்டாள். அவள் ஒருத்தி மட்டும் அல்ல, பாதிப் பேர் அப்படித்தான். கடைசியில் சீக்கு மாத்திரைக்கு அடங்காமல் போனது. அப்போதுதான் விதை வந்தது.

அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது. புஜத்தில் தோலுக்குக் கீழே ஊசியால் ஏற்றிவிடுவார்கள். ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விடும். இரண்டு மாதத்தில் மூடிக்கொள்ளும். மையத்துக்குப் போனால் திறந்துவிடுவார்கள். இதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் அது தனியாகத் திறக்காது. ஒவ்வொரு விதைக்கும் ஒரு ஜோடி உண்டு. அந்த ஜோடி வேறொருவர் கையில் இருக்கும். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து, கையைக் கோத்துத் தகட்டின் மேல் வைத்தால்தான் இரண்டும் திறக்கும்.

விதை ஏற்றிய அன்றைக்குப் பூவாத்தாள் கேட்டாள். "ஏனுங் மேடம், என்ற கைக்கும் இன்னொருத்தர் கைக்கும் எதுக்குங்க முடிச்சுப் போடறீங்க?"

ஆலோசகர் ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்களுக்காக மட்டும்னா நீங்க வரமாட்டீங்க பூவாத்தா. எத்தனை வருசம் பாத்துட்டோம். நீங்க வரலைன்னா இன்னொரு உசுரு போயிரும்னா வருவீங்க. மேல இருக்கறவங்க அப்படித்தான் கணக்குப் போட்டாங்க."

"அவிய வரலைன்னா?"

"வருவாங்க. அவங்களுக்கும் இதேதானே."

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மையத்தில் வராதவர்கள் என்று யாரும் இல்லாமல் போனார்கள். கால் ஊன்ற முடியாதவரை அவர் ஜோடி முதுகில் தூக்கிக்கொண்டு படியேறினார். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனை அவன் ஜோடி அடித்து இழுத்து வந்தாள். ஒரு மில் முதலாளிக்குச் சாக்கடை அள்ளும் பெரியவர் ஜோடியாக விழுந்தார். முதலாளி கார் அனுப்பி அவரை அழைத்து வருவார். முதல் தடவை கைக்கு நடுவில் கைக்குட்டையைப் போட்டார். தகடு எடுக்கவில்லை. வெறுங்கையைப் பிடித்தால்தான் எடுக்கும். பிடித்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரும் போய்க் கழுவினார்.

பூவாத்தாளின் முதல் ஜோடி ரங்கநாயகி, இட்லி வண்டி போடுகிறவள். மாரடைப்பில் செத்தாள். செத்தால் ஜோடி மாற்றித் தருவார்கள் என்பது சட்டம். ஆனால் செத்ததை உறுதி செய்யவேண்டும். ரங்கநாயகியின் மகன்கள், எங்கள் அம்மாவுக்கு அந்தச் சீக்கே கிடையாது என்று சாதித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். மேலிடத்துக்கு எழுதி, அங்கிருந்து கேள்வி வந்து, இங்கிருந்து பதில் போய், ஒரு மழைக்காலமே முடிந்தது. அதற்குள் பூவாத்தாளின் விதை மூடிக் கிடந்தது. காய்ச்சல் வந்தது. வாய் முழுக்க வெள்ளை பூத்தது. ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது பக்கம் திரை விழுந்திருந்தது. புது ஜோடி கிடைத்தபோது திரை அப்படியே நின்றது. விலகவில்லை.

புது ஜோடிதான் செங்கோடன்.

*

செங்கோடன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை செய்பவன். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வடக்கே போய், மாதக்கணக்கில் ஊர் ஊராகக் குழி போடும். முதலாளியிடம் மூல வியாதிக்கு வைத்தியம் என்று சொல்லி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயில் ஏறி வருவான். உட்கார இடம் கிடைக்காமல் கக்கூஸ் பக்கத்தில் நின்றபடி வந்து இறங்கி, நேராக மையத்துக்கு வருவான். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைத் தூசி. காதில் சீழ் வைத்துப் பஞ்சு அடைத்திருப்பான்.

"வா ஜோடி! பொண்டாட்டியப் பாக்கறதுக்கு முன்னால உன்னைப் பாக்கறேன். இது தெரிஞ்சா அவ வெளக்கமாத்த எடுத்துருவா" என்று முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும்.

"சும்மா இருங்ணா, நாலு பேரு பாக்கறாங்க."

"பாத்தா என்ன? கையப் புடிக்கச் சொன்னது கவுருமெண்டு."

கையைப் பிடிப்பான். பாறைத்தூள் ஏறிய கரடுமுரடான கை. தகட்டுக்குக் கீழே பச்சை எரியும். சுவரிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "இருவரும் வந்துள்ளீர்கள். நன்றி" என்று சொல்லும். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்தது. எதிர்த்த கடையில் ஆளுக்கொரு டீ குடிப்பார்கள். அவன் வீட்டுக்குப் போவான். இவள் களத்துக்குப் போவாள். அவன் பெண்டாட்டிக்குச் சீக்கு இல்லை, மருந்து ஒழுங்காகப் போனதால் அவளுக்கு ஒட்டவில்லை என்று ஒருதரம் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை செங்கோடன் வரவில்லை.

பூவாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜோடி ஜோடியாகப் பேரைக் கூப்பிட்டார்கள், போனார்கள், வந்தார்கள். "செங்கோடன், பூவாத்தாள்" என்று சுவர் மூன்று தரம் கூப்பிட்டது. மூன்றாம் தரம் அவள் எழுந்து நின்றாள், அவள் மட்டும் நின்றால் போதும் என்பதைப்போல. கூட்டம் கலைந்த பிறகு ரெஜினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன் எடுக்கலை. ரயில் லேட்டா இருக்கும்."

"வண்டியில போனு எடுக்கமாட்டாருங்க. கம்ப்ரசர் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

"ஒரு வாரம் தவணை இருக்கு. அதுக்குள்ள வந்துட்டா ஒண்ணும் ஆகாது."

"வரலைன்னா?"

ரெஜினா போனில் அந்த நம்பரை மறுபடி அழுத்தினாள்.

"செத்திருந்தா?" என்றாள் பூவாத்தாள்.

"எதுக்கு அப்படிப் பேசறீங்க?"

"கேட்டு வெச்சுக்கறனுங்க."

"வெளி மாநிலத்துச் சாவுன்னா அங்க இருந்து சான்று வரணும். இங்க வீட்டாளுங்க ஒத்துக்கணும். ஒரு வருசம்கூட ஆகலாம். நான் பொய் சொல்ல விரும்பலை."

பூவாத்தாள் இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தாள். மையத்தின் வெளிச்சம், சுவர், ரெஜினாவின் முகம் எல்லாம் போய்க் கறுத்தது. கையை எடுத்தாள். கத்தி முனையைத் தொட்டிக்கும் பருப்புக்கும் நடுவில் வைக்க இந்த ஒரு கண்தான். இதுவும் போனால் களத்தில் அவளுக்கு இடமில்லை. களத்தில் இடமில்லாதவளுக்கு வேறெங்கும் இடமில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் தினமும் வந்தாள். ஆறுக்குட்டியிடம் சொல்லச் சாவும் இல்லை, சொல்லாமலே நின்றாள். கை கடுத்துக் கடுத்துப் பிறகு கடுப்பதும் நின்றது. அதுதான் பயமாக இருந்தது.

*

தவணையின் கடைசி நாள், மையத்துக்கு எதிரே டீக்கடையில் ஓர் ஆள் அவளைக் கூப்பிட்டான். "அம்மிணி, நீங்க பூவாத்தாளுங்களா?"

நாற்பது வயது இருக்கும். மீசை இல்லாத உருண்டை முகம். சட்டை இடது கைப்பக்கம் புடைத்திருந்தது. காது மடலில் வெள்ளைத் தூசி. அதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"செங்கோடண்ணன் எங்கீங்க?"

"உக்காருங்க. எம்பேரு நாச்சிமுத்து. நான் அவங்கூட ஒரே வண்டிங்க. சோறாக்கறது நாந்தான்."

"எங்கீங்கன்னு கேட்டேன்."

நாச்சிமுத்து டீ கிளாசைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "ஓஸ் தெறிச்சிருச்சுங்க. கம்ப்ரசர்ல இருந்து காத்து வர்ற ஓஸ் குழாய். அந்தக் காத்து பட்டா மனுசன் நிக்கமாட்டான். நெஞ்சுல அடிச்சிருச்சு. தூக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அங்கயே ஆத்தங்கரையில வெச்சு எரிச்சுட்டோம்."

பூவாத்தாளுக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம். அதுவும் செத்தவன்மேல். அதை உணர்ந்ததும் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது.

"வூட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்லைங்க. சொல்லலை. ஓனரு, ரயில்ல வரும்போது எங்கயோ எறங்கி ஓடிட்டான்னு சொல்லச் சொல்லிட்டாரு. சாவுன்னா அவரு நட்டஈடு குடுக்கோணும். ஓடிப்போனவனுக்குக் குடுக்க வேண்டியதில்லையே. அவருக்கு அது வசதி." நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "உங்களுக்கும் அதுதானுங்க வசதி. அவனே சொன்னது."

"யாரு சொன்னது?"

"செங்கோடன். போன வருசமே எங்க எல்லாத்தையும் உக்கார வெச்சு, கையில இது இருக்குதுன்னு காட்டினான். எனக்கு ஏதாச்சும் ஆனா இதை அறுத்து எடுத்துட்டுப் போயி எஞ்சோடிகிட்டக் குடுங்கடா, சாவைச் சொல்லாதீங்க, சொன்னா அவளுக்கு இன்னொரு கண்ணும் போயிரும்னான். நாங்க கிண்டல் பண்ணினோம். எங்க வண்டியில ஒரு பழக்கமுங்க. குழிக்குள்ள ராடு உழுந்தாலும் சரி, பாறை குடையற பிட்டு உழுந்தாலும் சரி, அதை எடுக்காம வண்டி நகராது. உட்டுட்டுப் போனா அடுத்த குழி ஆகாதும்பாங்க. அது மாதிரி நெனச்சுக்கங்கடான்னான்."

"கொண்டாந்திருக்கீங்களா?"

நாச்சிமுத்து சட்டைக் கையைச் சுருட்டினான். புஜத்தில் துணிக்கட்டு. ஓரத்தில் சீழ் காய்ந்து மஞ்சளாக இருந்தது.

"சூடு ஆறுனா செத்துருமாமா அது. ரத்தத்துலயே இருக்கோணும்னு சொல்லியிருந்தான். ரயில்ல ரெண்டு நாளு, வெளியில வெச்சுச் சூடு பண்ண முடியுங்களா? அதான். பிளேடுல கீறி, உள்ள வெச்சு, சாக்குத் தைக்கற ஊசியில தெச்சாங்க. நான் போட்ட சத்தத்துல அந்த ஊர்க்காரனெல்லாம் ஓடியாந்துட்டான்." சிரிக்கப் பார்த்தான். "அவுங்களுக்கு, பல்லு புடுங்கறோம்னு சொன்னோம்."

பூவாத்தாள் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு ரத்தம் உங்களுக்குள்ள போயிருக்குமே. சீக்கு ஒட்டியிருந்தா?"

"சீக்குக்கு மருந்தும் சேத்தித்தானே உள்ள போயிருக்குது? போகட்டும் உடுங்க. சோத்துக்கு உப்புப் பத்தலைன்னு தினமும் என்னைத் திட்டுவான். அவன் திட்டாம எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது. வாங்க, கதவைச் சாத்தறதுக்குள்ள போலாம்."

அவள் உடனே எழுந்துவிடவில்லை. எழ முடியாது என்று ஒரு நிமிசம் நினைத்தாள். செங்கோடனின் பெண்டாட்டி வெளக்கமாற்றை எடுப்பாள் என்று அவன் சொன்னது காதில் கேட்டது. பிறகு எழுந்துவிட்டாள். கால்கள் அவளைக் கேட்காமல் ரோட்டைக் கடந்தன.

சுவர் பேரைக் கூப்பிட்டது. நாச்சிமுத்து அவள் கையைப் பிடித்தான். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள மெத்தென்ற கை. வேறு கை. தகடு முகத்தைப் பார்ப்பதில்லை. விதையையும் உடம்புச் சூட்டையும்தான் பார்க்கும். கொஞ்சம் யோசித்தது. பச்சை எரிந்தது.

"இருவரும் வந்துள்ளீர்கள். நன்றி."

ரெஜினா மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் செங்கோடனின் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தவள் அவள்.

"மீசையை எடுத்துட்டீங்களா, செங்கோடன்?" என்றாள் ரெஜினா.

"ஆமாங் மேடம்" என்றான் நாச்சிமுத்து. "வடக்க வெக்கை சாஸ்திங்க."

"கைக் கட்டை மாத்திக்கங்க. நர்சுகிட்டச் சொல்றேன், ஆணி கீறிருச்சுன்னு." திரும்பி நடக்கும்போது பூவாத்தாளின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது பூவாத்தா. தெரிஞ்சா நான் எழுதணும். எழுதினா நீங்க மறுபடி படுக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது கைக்குள் மெல்லிய குளிர்ச்சி பரவியது. விதை திறந்துகொண்ட குளிர்ச்சி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "எழவுக்குப் போயிட்டு வர்றியா?" என்று கேட்டாள். பூவாத்தாள் இல்லை என்று தலையாட்டினாள்.

*

நாச்சிமுத்து அதற்கடுத்த தடவையும் வந்தான். மருந்து அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சோறாக்கும் வாசனையே குமட்டுகிறது என்றான். கன்னம் ஒட்டியிருந்தது. "சீக்கு இல்லாம மருந்து திங்கற ஒரே ஆளு நாந்தான்" என்று அதையும் சிரிப்பாகத்தான் சொன்னான். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டான். இப்படி எத்தனை நாளைக்கு என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை வந்தபோது மையத்தின் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பூவாத்தாள் கவனிக்கவில்லை. எத்தனையோ பேர் உட்காருகிற இடம். உள்ளே போனார்கள். சுவர் கூப்பிட்டது. "செங்கோடன், பூவாத்தாள்." ஜன்னல் திறந்திருந்ததால் அந்தக் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. கையைப் பிடித்தார்கள். பச்சை. "இருவரும் வந்துள்ளீர்கள்." வெளியே யாரோ வாட்ச்மேனிடம் சத்தம் போடுவது கேட்டது.

நாச்சிமுத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். சட்டென்று தலையை உள்ளே இழுத்தான். "சிந்தாமணி" என்றான்.

"யாரு?"

"அவம் பொண்டாட்டி. என்னை நல்லாத் தெரியும், என் கையால சோறு தின்ன புள்ளைதானுங்க அது. நானும் அவிய வூட்டுல தின்னிருக்கேன்." அதற்குமேல் நிற்கவில்லை. பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டான்.

ரெஜினா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "தப்பு பண்ணிட்டேன் பூவாத்தா. போன மாசம் வந்து அழுதாங்க. புருசன் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இங்கதான் வருவார்னு தெரியுமாம். இப்பவும் வர்றாரா, அதை மட்டும் சொல்லுங்கன்னு காலைப் புடிச்சாங்க. யாரைப் பத்தியும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. வர்றாருன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல முடியும்? எந்த நாள்னு சொல்லலை. ஒரு வாரமா தினமும் வந்து மரத்தடியில உக்காந்திருக்காங்க."

பூவாத்தாளும் பின்பக்கமாகப் போயிருக்கலாம். முன்பக்கமாகத்தான் போனாள். ஏன் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

சிந்தாமணி ஒடிசலாக இருந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் கொஞ்சம் மல்லிகை. விசைத்தறிப் பஞ்சு தலைமுடியில் ஒட்டியிருந்தது. பூவாத்தாளை மறித்து நின்றாள்.

"நீதான் பூவாத்தாளா?"

"ஆமாங்."

"எம்பட புருசன் எங்கே?"

பூவாத்தாள் மையத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் காதாரக் கேட்டேன். அவரு பேரையும் உம்பேரையும் ஒண்ணாச் சேத்திக் கூப்புட்டாங்க. ரெண்டு பேரும் வந்துட்டீங்கன்னு சொன்னாங்க. என்னைக் கண்டதும் பின்னாடியா ஓடிட்டாரா?" சிந்தாமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒத்தக் கண்ணு. எலும்புந்தோலுமா இருக்கறே. உங்கிட்ட என்னத்தைக் கண்டாருன்னு ரெண்டு புள்ளைகளை உட்டுட்டு வந்தாரு? சொல்லுடி!"

கையை ஓங்கினாள். பூவாத்தாள் முகத்தைத் திருப்பவில்லை. அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்று, கீழே இறங்கியது.

"நான் சண்டைக்கு வரலை" என்றாள் சிந்தாமணி. குரல் உடைந்தது. "ஓனரு வூட்டுல கேட்டா ஓடிப்போயிட்டான்னு சிரிக்கறாங்க. சொந்தக்காரங்க செத்துருப்பான்னு சொல்றாங்க. தினமும் காலையில கண்ணாடி முன்னால நிக்கறேன். பொட்டு வெக்கறதா வேண்டாமா? இந்த மேடம் வர்றாருன்னு சொன்னதுக்கு அப்புறந்தான் மறுபடி பூ வெச்சேன். நீ ஒரு வார்த்தை சொல்லு. அவரு இருக்கறாரா?"

ரோட்டில் ஒரு லாரி போனது. பூவாத்தாள் அது கடந்து போகும்வரை நின்றாள். இல்லை என்று சொன்னால் போதும். ஒரே சொல். இந்தப் பெண் இங்கேயே மண்ணில் விழுந்து அழுவாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுவாள். ஊர் கூடும். ஓனர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். கருமாதி நடக்கும். பிறகு ஒருநாள் அழுகை அடங்கும். பூவாத்தாளின் விதை மூடிக்கொள்ளும்.

அவள் இடது கண்ணில் சிந்தாமணியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. மூக்குத்தி, வேர்வை, குங்குமம். எல்லாம் தெரிந்தது.

"இருக்காருங்க" என்றாள்.

சிந்தாமணி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கினாள். "நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காருங்க."

"காதுல சீழ் வருமே?"

"இப்ப இல்லைங்க."

"அப்பச் சரி." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மரத்தடியில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்து நீட்டினாள். "எள்ளுருண்டை. தினமும் கொண்டாந்து கொண்டாந்து திருப்பி எடுத்துட்டுப் போறேன். அவருக்கு இதுன்னா உசுரு. நான் குடுத்தேன்னு சொல்லாதே, தின்னமாட்டாரு. நீ பண்ணினதுன்னு குடு."

பூவாத்தாள் வாங்கிக்கொண்டாள். போசி வெதுவெதுப்பாக இருந்தது.

"போசியை அடுத்த தடவை வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சிந்தாமணி வேகமாக நடந்தாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மல்லிகையைச் சரி செய்தாள்.

நாச்சிமுத்து பஸ் ஸ்டாண்டில் இருந்தான். போசியைக் கண்டதும் எதுவும் கேட்காமல் மூடியைத் திறந்தான். மணம் வந்தது. அவனுக்கு எல்லா வாசனையும் குமட்டும், இது குமட்டவில்லை போலிருக்கிறது. ஓர் உருண்டையை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகாமல் திரும்ப வைத்தான்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

அவன் கீழே பார்த்தான். "அடுத்த தடவை நான் வரட்டுங்களா?"

"வாங்க" என்றாள் பூவாத்தாள்.

அவள் பஸ்ஸில் ஏறி, போசியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கையில் கடுப்பு இல்லை. களத்துக்கு நாளைக்குப் போகலாம், மூடிகளை நெம்பலாம். இல்லாத பெரியம்மாவின் சாவையும் இல்லாத மாமனின் சாவையும் ஆறுக்குட்டி மேஸ்திரியிடம் வாய் கூசாமல் சொன்னவள் அவள். நடந்த ஒரே சாவைச் சொல்லவேண்டிய ஒரே ஆளிடம் சொல்லாமல், எள்ளுருண்டையை வாங்கிக்கொண்டு போகிறாள்.

சிந்தாமணிக்கு அவள் புருசனின் சாவைக் கொடுக்கவேண்டும். அது பாக்கி.